திடலில் ஒரு ஏட்டையா

ஊருக்குப் போகிறேன் என்றதும் சிங்கப்பூரில் எல்லோரும் கூமாபட்டியைப் பற்றித்தான் கேட்டார்கள். ரீல்ஸில் பார்த்தார்களாம். பிளவக்கல் அணைக்குப் போ, சதுரகிரி ஏறு என்று ஆளாளுக்கு யோசனை. எனக்கு வத்திராயிருப்பு முத்தாலம்மன் திடலைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் மலையடிவாரத்தில் அப்படியேதான் இருக்கும்.

பஜார், அக்ரகாரம், பள்ளிக்கூடத் தெரு எல்லாவற்றையும் அக்கா மகன் பைக்கிலேயே கடந்தான். திடல் சின்னதாகிவிட்டதா, என் கண்தான் பெரிதாகிவிட்டதா தெரியவில்லை.

1980களில் கூட்டம் என்றால் இங்கேதான். எல்லாக் கட்சிக்கும் இதே மண்தான், இதே சவுக்குக் கம்பில் கட்டிய டியூப்லைட்தான். மேடைக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு ஏட்டையா உட்கார்ந்திருப்பார். மடியில் நீள நோட்டு. பேச்சாளர் மூச்சு வாங்கும்போதுதான் அவரும் மூச்சு வாங்குவார். பேச்சைப் போலீஸ் எழுதிக்கொள்வது பழைய வழக்கம். 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசியதைப் போலீஸ் எடுத்த குறிப்புகள்தான் நீதிபதி பின்ஹேயின் முன்னால் அவர்களுக்கு எதிராக நின்றன, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அப்போது எங்கள் ஊரும் திருநெல்வேலி ஜில்லாதான். 1910இல்தான் ராமநாதபுரத்தோடு சேர்த்தார்கள்.

எண்பதுகளில் நான் திடலுக்குப் பார்க்கப் போனது பேச்சை அல்ல, ஏட்டையாவை. மைக் லைசென்ஸில் எழுதிய நேரம் நெருங்கும்போது நோட்டை மூடி எழுந்து பெல்ட்டை மேலே இழுத்துவிடுவார். அதுதான் முதல் எச்சரிக்கை. நேரம் ஆனதும் டார்ச்சை அடிப்பார். பேச்சாளர் முகத்தில் அல்ல, ஆம்ப்ளிஃபயர் முன்னால் இருக்கும் பையன் முகத்தில். அவன் கை தானாகத் திருகுக்குப் போகும். ஆளுங்கட்சிப் பெரும்புள்ளி ஒருவர் தாமதமாக வந்து, "இன்னும் பத்தே நிமிஷம்" என்றார். "நேத்து அவங்களுக்கும் இதே டயம்தான் சார்" என்றார் ஏட்டையா, பணிவாகவே. கூட்டம் விசிலடித்தது. மைக் நின்றது.

நல்ல மனிதர் என்று சொல்ல வரவில்லை. கடையில் காசு கொடுக்காமல் தேங்காய் எடுப்பார். திடலும் எல்லோருக்கும் ஒரேபோல் இருந்ததில்லை. முன்னால் மண் காலியாகக் கிடக்கும். காலனிக்காரர்கள் கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்பார்கள். அதை எந்த லைசென்ஸும் எழுதி வைக்கவில்லை, ஏட்டையாவின் டார்ச்சும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தவன்தான். 1997இல் விருதுநகர் மாவட்டப் பஸ்களுக்கு தலித் சமூகத்து வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கே கலவரம் மூண்டு, கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டபோது, வெளியூர்க்காரர்களைப்போல நான் ஆச்சரியப்படவில்லை.

இப்போது நான் இருக்கும் சிங்கப்பூரில் ஹாங் லிம் பூங்காவில் ஒரு பேச்சாளர் முனை உண்டு. 2000 செப்டம்பரில் திறந்தது. அங்கே குடிமக்கள் முன்கூட்டிப் பதிந்துகொண்டு பேசலாம். இனம், மதம் தொடக்கூடாது. விதி கறார், எல்லோருக்கும் தெரியும், மழுப்பல் இல்லை. ஆனால் ஒரு நாட்டுக்கே ஒரு மூலை. அதன் வழியாகப் போகும்போதெல்லாம் எங்கள் திடல்தான் ஞாபகத்துக்கு வரும்.

இங்கே இந்தியாவிலும் விதிக்குப் பஞ்சமில்லை. 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் போட்ட 1861 காவல் சட்டத்தில் கூட்டம், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தும் 30ஆவது பிரிவு இன்னும் ஓய்வு பெறவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகள். 2025 ஜனவரியில் பொது இடத்துக் கொடிக்கம்பங்களை 12 வாரத்தில் அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு, அதன்மேல் மேல்முறையீடு. அதே ஆண்டு செப்டம்பரில் கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்த பிறகு, கட்டுப்பாடே வேண்டாம் என்று யார் வாய் திறக்க முடியும்? என் எரிச்சல் விதியின்மேல் அல்ல. யார் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு 'பரிசீலனையில்' என்று சொல்வதன்மேல். அகமதாபாத்தில் கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்ட ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது: பொதுச் சாலையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எதை வைத்துத் தீர்மானிப்பது என்று சொல்லாமல் அதிகாரி இஷ்டத்துக்கு விட்ட விதி செல்லாது. நேற்று அவர்களுக்கு எந்த நேரம் என்று பார்த்த ஏட்டையாவுக்கு இது தெரிந்திருந்தது.

"திருவிழாவுக்கு ஆடல் பாடல் வைக்கிறோம், மாமா" என்றான் அக்கா மகன். "மதுரைக்குப் போய் ஆர்டர் வாங்கியாச்சு."

"ஸ்டேஷன்ல கேட்டியா?"

"கேட்டா இழுத்தடிப்பாங்க. ஹைகோர்ட்டுல ரிட் போட்டா முடிஞ்சது." போனில் ஆர்டரைக் காட்டினான். ஆபாச நடனம் கூடாது, சாதியைத் தூக்கிப் பேசும் பாட்டு கூடாது, பத்து மணிக்கு முடித்துவிட வேண்டும். ஏட்டையா பெல்ட்டை இழுத்துவிட்டே சொன்னதை இரண்டு பக்கத்தில் டைப் அடித்திருந்தார்கள்.

"காலனிப் பயலுகளும் வைக்கிறாங்களா?"

"அவங்களும் ரிட் போட்டு வாங்கிட்டாங்க மாமா. ரெண்டு ஆர்டரையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். கண்டிஷன் ஒண்ணுகூட மாறல. வக்கீல் ஃபீஸ்தான் அவங்களுக்குக் கொஞ்சம் கூட."