காலடியில் ஒரு ஸ்விட்ச்

மதுராந்தகம் ஏரியைத் தாண்டி சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தோம். ராத்திரி பத்து மணி. அப்பாவின் 1972 மாடல் அம்பாசடர், மார்க்-டூ. எதிரே ஒரு லாரி. மரியாதையாக லைட்டை 'டிம்' பண்ணுவோமே என்று இடது காலால் ஒரு மிதி மிதித்தேன். லைட் டிம் ஆகவில்லை. செத்தே போய்விட்டது!

அறுபது கிலோமீட்டர் வேகம். முன்னால் கன்னங்கரேலென்று இருட்டு. பின் சீட்டில் மனைவி, மடியில் குழந்தை. மிதித்தேன், மிதித்தேன், ஐந்தாவது மிதியில் வெளிச்சம் வந்தது. அப்புறம் தாம்பரம் வரை நான் அந்த ஸ்விட்ச் பக்கம் காலையே கொண்டுபோகவில்லை. எதிரே வந்த டிரைவர்கள் எல்லாம் என் பரம்பரையையே விசாரித்தபடி போனார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம். அந்த வண்டியில் டிம்-டிப் ஸ்விட்ச் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்காது. தரையில், கிளட்ச்சுக்கு இடப்பக்கம் ஒரு குமிழ். ஒரு மிதிக்கு டிம், மறு மிதிக்கு பிரைட்.

"ஒண்ணு லைட்டு சரியாகணும், இல்லே வண்டியை வித்துடணும்" என்றாள் மனைவி. பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும், வண்டியின் புத்தக மதிப்பு எப்போதோ பூஜ்யம். அதை அப்பாவிடம் சொல்லத்தான் தைரியமில்லை. (நண்பர்கள் 'விண்டேஜ் கார்' என்பார்கள். 1930-க்குள் தயாரானதுதான் விண்டேஜ் என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். எங்களுடையது வெறும் பழசு.)

தெரு எலெக்ட்ரீஷியன், "பார்ட் கிடைக்காது சார், ஃபேன் ஸ்விட்ச் ஒண்ணு மாட்டிடறேன்" என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் ஃபியூஸ் போயிருக்கும்.

அம்பாசடர் தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டது. ஆகவே, புதுப்பேட்டை. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். கழற்றிய கதவுகள், அடுக்கிய பம்பர்கள், எஞ்சின்கள். நடக்கிற மண்ணே ஆயில் குடித்துக் கறுத்திருக்கும். 'வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால், அதன் சக்கரத்தை நமக்கே விற்பார்கள்' என்று பழைய ஜோக் உண்டு. நான் ஜாக்கிரதையாக பஸ்ஸில் போனேன்.

முதல் கடையில் புத்தம் புதுசாக ஒன்று கொடுத்தார்கள். பளபளப்பு ஜோர், கையில் எடுத்தால் தீப்பெட்டி கனம். அடுத்த கடைக்காரர், "இன்னா சார், டிம்-டிப்பா? பாயாண்ட போ" என்று சந்துக்குள் கை காட்டினார்.

பாய்க்கு எழுபது வயதிருக்கும். என் ஸ்விட்சை வாங்கி, மடித்திருந்த தகட்டு ஓரங்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். உள்ளே காபிப் பொடி மாதிரி துரு. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பல் நகரவேண்டிய சக்கரம் பாதி வழியில் நின்றிருந்தது. செப்புத் தகடு கருகிக் குழி விழுந்திருந்தது.

"மழைத் தண்ணி மேட்டுக்குக் கீழே தேங்கியிருக்கு. அது சரி, பல்பு எத்தினி வாட்டு?"

"நூறு" என்றேன் பெருமையாக.

"அதான்!"

பழைய பல்பு 45 வாட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில், இரண்டுக்கும் சேர்த்து ஏழரை ஆம்பியர். நூறு வாட் என்றால் பதினாறுக்கு மேல். அத்தனையும் இந்தக் குட்டித் தகடு வழியாகத்தான் போகவேண்டும். வாழ்க்கையில் முதன்முதலாக ஏழரை நல்லது என்று தெரிந்துகொண்டேன்.

"ரிலே போடுங்க சார். ஆபீஸ்ல மேனேஜர் கையெழுத்துதான் போடுவாரு, ஃபைலை பியூன் தூக்குவாரு. மேனேஜரையே தூக்கச் சொன்னா இடுப்பு புடிச்சுக்கும். ஸ்விட்ச் மேனேஜரு, ரிலே பியூனு."

பேசிக்கொண்டே பெட்ரோலில் கழுவி, ஜீரோ நம்பர் எமரித் தாளால் தேய்த்தார். செத்துப்போன இன்னொரு ஸ்விட்சிலிருந்து நல்ல தகட்டை எடுத்துப் பொருத்தி, துளி வாசலைன் தடவி, ஓரங்களை மடித்தார். பேட்டரியில் இரண்டு பல்பை இணைத்து அழுத்த, 'டிக்' என்றதும் ஒன்று எரிந்தது. அடுத்த 'டிக்'கில் மற்றது. இருபது தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். முந்நூற்றைம்பது ரூபாய். நான் பேரம் பேசவில்லை.

ரிலேவும் பழைய வாட் பல்பும் மாட்டியபின், ஒரு ராத்திரி அப்பாவை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வரை போனேன். முன் சீட்டில் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. எதிரே லாரி வரும்போதெல்லாம் நான் மிதிப்பதற்கு முன்பே, அவருடைய இடது கால் வெறும் மேட்டை மிதித்துக்கொண்டிருந்தது.