பரண்மேல் ஒரு பள்ளிப் பை

மேகம் கறுத்தால் என் மகன் முதலில் செய்வது, பள்ளிப் பையைப் பரணில் ஏற்றுவது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, குதிகாலை உயர்த்தி, பையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பான்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு தாமிரபரணி வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை. காலையில்தான் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பழகிவிட்டு வந்திருந்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. கரண்ட் போன இருட்டில் எங்களுக்குத் தெரிந்தது கட்டில் காலில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் ஒன்றுதான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு அண்ணாச்சியின் மாடிக்கு ஓடினோம். அவனுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகங்கள் கீழேயே கிடந்து ஊறிப்போயின.

அதற்குப் பிறகு தூறல் விழுந்தாலே அழுதான். "பயப்படாத ஐயா, இயேசப்பா இருக்காரு" என்றேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் காலங்காலமாகச் சொல்லிவருவது.

"அன்னைக்கும் இருந்தாராப்பா?"

"இருந்தாரு."

"அப்புறம் ஏன் தண்ணி வந்துச்சு?"

எனக்கு வாய் எழவில்லை. பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து, "அதை அவருகிட்டயே கேளு ஐயா" என்றாள்.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் கேட்டேவிட்டான். "ஏன் எங்க வீட்டுக்குள்ள தண்ணிய விட்டீங்க? எனக்கு மழை பிடிக்கல. இன்னொரு தடவ விடாதீங்க. ஆமென்."

ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஜெபத்தைத் தொடங்க வேண்டும் என்று திருத்த வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். அவள் அழுத்தியிராவிட்டால் பிள்ளையின் முதல் உண்மையான ஜெபத்தை நானே கெடுத்திருப்பேன். சங்கீதப் புத்தகத்தைப் புரட்டினால், வேறு எந்த வகையைவிடவும் புலம்பல்களே அதிகம். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அங்கே கிடைத்த அனுமதியைப் பிள்ளைகளுக்கு மட்டும் நாம் மறுக்கிறோம்.

இன்னொரு நாள் மாற்கு நான்காம் அதிகாரத்தில், இயேசுவும் சீஷர்களும் படகில் போகும்போது புயல் அடிக்கும் பகுதியை வாசித்தோம். கலிலேயாக் கடல் என்றாலும் அது நன்னீர் ஏரிதான். கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சுற்றியுள்ள மேடுகளிலிருந்து காற்று சட்டென்று அதன்மேல் இறங்கும். படகில் இருந்தவர்களில் சிலர் அந்தத் தண்ணீரிலேயே வலைபோட்டு வளர்ந்தவர்கள். ஏரியை அறிந்தவர்களே கதிகலங்கினார்கள் என்று சொன்னபோது மகன் என் மடிக்கு நெருங்கி வந்தான். இயேசு பின்பக்கத்தில் தலையணைமேல் தூங்குகிறார். அந்தத் தலையணையைச் சொல்வது மாற்கு மட்டும்தான். சீஷர்கள் அவரை எழுப்புகிறார்கள். உமக்குக் கவலையே இல்லையா என்ற தொனியில் கோபித்துக்கொள்கிறார்கள். முதலில் காற்றை அடக்குகிறார். அவர்களைக் கடிந்துகொள்வது கடல் அமர்ந்த பிறகுதான். இந்த வரிசையை இத்தனை வருஷம் வாசித்தும் நான் கவனித்ததில்லை.

"எழுப்பினா திட்ட மாட்டாரா?" என்றான்.

"எழுப்பினதுக்காகத் திட்டல ஐயா."

பயந்த பிள்ளையிடம் விசுவாசம் போதாது என்று யாரும் சொல்லக் கூடாது. "பொய் சொன்னா இயேசப்பா கண்ணைக் குத்துவாரு" என்று மிரட்டுவது அதைவிட மோசம். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் சாத்தானைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, இருட்டில் இயேசுவைக் கூப்பிடு என்றால் பிள்ளை யாரை நம்பும்? பகலிலேயே அன்பாக அறிமுகமானவரைத்தான் இரவில் கூப்பிடத் தோன்றும். ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டபோது குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாற்கு அதிகாரத்தில், கூட வேறு படகுகளும் போனதாக ஒரு வரி வரும். நான் தாண்டிப் போய்விட்டேன். அவன் விடவில்லை. "அந்தப் படகுல இருந்தவங்களுக்கு இயேசப்பா பக்கத்துல இல்லையே, அவங்க என்ன செஞ்சாங்க?" காற்று நின்றால் எல்லாப் படகுக்கும்தானே நிற்கும் என்றேன். வெகுநேரம் யோசித்துக்கொண்டே படுத்திருந்தான்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி இடி இறங்கிக் கரண்ட் போனது. கட்டிலைவிட்டு இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜெபம்: "எனக்குப் பயமா இருக்கு. எந்திரிங்க. ஆத்தங்கரைத் தெருப் பிள்ளைங்களுக்கும் பயமா இருக்கும். அவங்க வீட்டுக்கு மாடி கிடையாது." அவர்களுக்காக அவனிடம் ஜெபிக்கச் சொன்னவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

ஆமென் சொல்லிவிட்டுப் பையைத் தேடினான். எழுந்து போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.