நாணை இழுப்பது எலி

மாமனாரிடம் தொழில் கற்றுக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. அவரால் மருமகனைத் திட்ட முடியாது. எங்கள் மாமாவுக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். வேலையில் இருந்தவரை ஆவடியில் இருந்தார். ஓய்வுபெற்ற கையோடு திருநின்றவூரைத் தாண்டி, பாக்கம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நெல் வைக்கிறார். கோபம் வந்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டார், கையிலிருக்கும் மூங்கிலோடு பேசுவார். “ஏண்டா, கணுவப் பாத்துப் பொளக்கணும்னு ஒனக்கு யாரும் சொல்லலியா?” என்று மூங்கிலைக் கேட்பார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “மாப்ள, அடுத்தத நீங்க எடுங்க” என்பார். எனக்குச் சேர வேண்டியது மூங்கில் வழியாக வந்து சேர்ந்துவிடும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிட்டர். இரும்பை மில்லிமீட்டரில் அளந்தே பழகிய கை. மூங்கிலுக்கு அந்த அளவெல்லாம் செல்லாது.

கற்றுக்கொண்டது கிட்டி கட்டுவதையும் வைப்பதையும். டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அங்கே வயலுக்கு வயல் பார்த்திருப்பார்கள். சென்னைப் பக்கத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன். கிட்டி என்பது வயலெலியைப் பிடிக்கும் மூங்கில் வில். வேளாண் பல்கலைக்கழகத்தின் எலி ஒழிப்புப் பரிந்துரையிலும் ‘தஞ்சாவூர் கிட்டி’ என்ற பெயரோடு இருக்கிறது. ஒரு பிளாச்சை வளைத்து நாண் பூட்ட வேண்டும். வரப்பு மண்ணில் ஊன்ற ஒரு கால். இழுத்த நாணைத் தடுத்து நிறுத்த ஒரு சின்னக் குச்சி. குச்சியோடு சேர்ந்தாற்போல் இரை. எலி இரையைக் கடித்து இழுத்தால் குச்சி நழுவும், வில் நிமிரும், நாண் எலியின் கழுத்தைக் காலோடு சேர்த்து அமுக்கிவிடும். அம்பு கிடையாது, எய்ய ஆளும் கிடையாது.

எங்கள் ஷாப்பில் கூட வேலை பார்க்கும் பையன் ஒருவன் நான் கிட்டி கட்டப் பழகுகிறேன் என்று கேள்விப்பட்டு, போனில் ஒரு அமெரிக்க வீடியோவைக் காட்டினான். கிரவுண்ட்ஹாக் என்று ஒரு பிராணி. அணில் குடும்பம்தான், ஆனால் பூனை அளவுக்குக் கொழுத்தது. சோயா வயல் ஓரத்தில் வளை தோண்டிக்கொண்டு பயிரை மேய்கிறது. இலையுதிர் காலத்து மான் வேட்டைக்குமுன் கைப்பழக்கம் விட்டுப்போகாமலிருக்க, வில்லாளிகள் கோடையில் இதைத் தேடிப் போவார்களாம். கப்பியெல்லாம் வைத்த நவீன வில், புதருக்குள் அசையாமல் காத்திருப்பு, முப்பது நாற்பது தப்படியிலிருந்து ஒரு அம்பு. மாமாவிடம் காட்டினேன். முழுதும் பார்த்துவிட்டு, “ஒரு எலிக்கு ஒரு ஆளு காவலா? கூலி கட்டுப்படியாகுமா மாப்ள?” என்றார். அவர் கேட்டது வேடிக்கைக்கு இல்லை. அங்கே வில்லாளி விழித்திருக்கிறான், இங்கே எலி விழித்திருக்கிறது, மாமா தூங்கப் போய்விடுகிறார். நாணை எலியே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மூங்கிலில் தொடங்குகிறேன். சாரத்துக்கு விற்கும் பொந்து மூங்கில் உதவாது. உள்ளே சதை கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் வேண்டும். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கடையில் தேடிப் பிடித்தோம். பிளக்கும்போது கத்தியைத் தள்ளக் கூடாது. வாயைத் திறந்துவிட்டால் மூங்கிலே தன் நாரோட்டத்தில் பிரிந்து வரும், கத்தி அதன் பின்னால் போனால் போதும். சதைப் பக்கத்தைத்தான் சீவ வேண்டும், தோலைத் தொடவே கூடாது. வளைக்கும்போது தோல் வெளிப்பக்கம் வர வேண்டும், ஏனென்றால் இழுபடுவது அந்தப் பக்கம், மூங்கிலின் பலமான நாரெல்லாம் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. வில்லின் இரண்டு கையும் ஒரே வளைவாக வளைகிறதா என்று தூக்கிப் பிடித்து, வானத்தை வெளிச்சமாக வைத்துப் பார்ப்பார் மாமா. தடித்த கை பக்கம் நகத்தால் ஒரு கீறல் போடுவார். அங்கே இன்னும் சீவு என்று அர்த்தம், வாயால் சொல்லமாட்டார்.

விடிந்ததும் கிட்டிகளைப் பிடுங்கி நாணைத் தளர்த்திவிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. பகலெல்லாம் வளைந்தே கிடந்தால் வில் சோர்ந்து அந்த வளைவிலேயே நின்றுவிடும், அப்புறம் எலி இரையைத் தின்றுவிட்டுச் சாவகாசமாகப் போகும். எஸ்டேட்டில் ஸ்பிரிங்குக்கும் இதே கணக்குதான் என்றேன். “அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சதுதானே” என்று முடித்துவிட்டார்.

கட்டுவது ஒரு பங்கு வேலை என்றால் வைப்பது மூன்று பங்கு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி மாமா, பாதி ஒரு இருளர் அம்மா. பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர், அறுவடை முடிந்தால் கணவரோடு எலி தோண்ட வருவார். அவருக்கு மருமகன் மரியாதை கட்டாயமில்லை. “இன்னா தம்பி, பொந்தப் பாத்தா போதுமா? அது உள்ள இருக்குதா இல்லியான்னு பாக்க வாணாமா?” என்று நேராகவே கேட்பார்.

வரப்பில் பத்துப் பொந்து தெரிந்தால் பத்திலும் எலி இருக்காது. மாலையில் எல்லாப் பொந்தையும் சேற்றால் அடைத்துவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். திறந்ததுதான் குடியிருக்கும் வளை. இந்தப் பக்கத்தில் அதிகம் தொல்லை தருவது கரம்பை எலி. அது உள்ளே போனதும் வாயிலைத் தானே மண்ணால் அடைத்துக்கொள்ளும், ஆகையால் பொந்தைவிட வாயிலில் குவிந்த புது மண்தான் அடையாளம். சேமித்து வைக்கும் புத்தியும் அதற்குத்தான். கதிரை நறுக்கிக் கொண்டுபோய் வளைக்குள் அறை அறையாக அடுக்கிவைக்கும். வெள்ளெலி, புல் எலி, வயல் சுண்டெலி என்று மற்றவையும் உண்டு. சுண்டெலிக்குக் கிட்டி வைப்பது வீண், நாணுக்கு அடியில் புகுந்து போய்விடும்.

எலி கண்டபடி ஓடுவதில்லை. வரப்பின் அணைப்பை ஒட்டியே ஓடும், தினமும் அதே தடத்தில். அங்கே புல் படுத்திருக்கும், மண் வழவழப்பாகியிருக்கும். வயலுக்குள் இறங்கும் இடத்தில் நெற்பயிர் அடித்தூரில் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடக்கும், கத்தியால் சீவியது போல. பூச்சி அரித்த தூருக்கு இந்த வெட்டு இருக்காது. வெட்டு புதிதா பழையதா என்று அந்த அம்மா நுனியை விரலால் தடவிச் சொல்லுவார். வரப்பு ஒரு முழத்துக்கு மேல் அகலமாக இருந்தால் எலிக்கு வீடு கட்ட இடம் கொடுத்தது போல என்பதால், மாமா நடவுக்கு முன்பே வரப்பைச் செதுக்கி ஒடுக்கிவிடுவார்.

இரை வறுத்த அரிசி மாவு, கருவாட்டுத் தூள், சொட்டு எண்ணெய். முதல் இரண்டு ராத்திரி நாணைப் பூட்டாமல் கிட்டியைச் சும்மா நிறுத்திவைத்து இரையை மட்டும் தின்னவிடுவது வழக்கம். புதுப்பொருள் எதைக் கண்டாலும் எலி ஒதுங்கும், பழகிய பிறகுதான் கிட்ட வரும். மூன்றாம் ராத்திரி பூட்டினால் முதல் வீச்சிலேயே நிறைய விழும். நிலா வெளிச்சத்தில் நடமாட்டம் குறைவு என்பதால் மாமா அமாவாசையைக் கணக்குப் பார்த்துத்தான் தொடங்குவார்.

இதிலெல்லாம் முக்கியமானது பருவம். பொங்கல் கழிந்து நவரை நட்டால், பயிர் தூர் கட்டத் தொடங்கியதிலிருந்து தொண்டைக்கதிர் வரை கிட்டிக்கு மரியாதை. பால் பிடித்துவிட்டால் வயலே இரை, நம் கருவாட்டுத் தூளை எந்த எலியும் திரும்பிப் பார்க்காது. ஊரில் பெரும்பாலானவர்கள் எலியை நினைப்பதே கதிர் சாய்ந்து கிடப்பதைக் கண்ட பிறகுதான். அதற்குள் முதல் ஈட்டுக் குட்டிகள் வளர்ந்து அவையும் வெட்டத் தொடங்கியிருக்கும். கரம்பை எலியின் சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதல், ஒரு ஈட்டுக்கு ஆறேழு குட்டி சாதாரணம். பிப்ரவரியில் பிடிக்கிற ஒரு பெட்டை ஏப்ரல் அறுவடையில் எத்தனை எலிக்குச் சமம் என்று மாமா விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். தஞ்சைப் பக்கத்தில் கிட்டி வைப்பவருக்கு வால் கணக்கில் கூலி. பிடித்த எலியின் வாலை நறுக்கி எண்ணிக் காட்டி வாங்கிக்கொள்வார்கள்.

இருளர் முறை வேறு. கிட்டியை அந்த அம்மா சிரிப்போடுதான் பார்ப்பார். செத்த எலி அவர்களுக்கு எதற்கு? அவர்களுக்கு எலி உணவு, வளைக்குள்ளிருக்கும் நெல்லும் உணவு. மண்வெட்டியோடு வளையின் போக்கைப் பின்தொடர்ந்து தோண்டி, தப்பி ஓடும் கிளை வாயிலைக் குதிகாலால் மிதித்து அடைத்து, எலியை உயிரோடு பிடிப்பார்கள். விஷம் வைத்த வயலில் கால்வைக்கமாட்டார்கள். ஆழமான வளைக்குப் புகைச் சட்டி. மண்சட்டியின் அடியில் ஓட்டை போட்டு உள்ளே வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையைச் செலுத்துவது பழைய வழக்கம். உதடும் கையும் பொசுங்கும், புகை பாதி நெஞ்சுக்குள் போகும். அதற்குப் பதிலாகக் கையால் சுற்றும் விசிறி வைத்த இரும்புக் கருவி ஒன்றை, சேது சேதுநாராயணன் நடத்திய தொண்டு நிறுவனம் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து இருளர்களுக்காகச் செய்தது. அந்தத் திட்டத்துக்கு 2003-ல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது.

வளைக்குள் எலிக்குப் பதில் நல்லபாம்பு இருக்கலாம். கையை விடுவது என்ற பேச்சே இல்லை. வாயில் மண்ணில் பாம்பு நுழைந்த தடம் எலியின் தடத்தை அழித்திருக்கும், எனக்கு அது இன்னும் சரியாகக் கண்ணில் படாது. அந்த அம்மா நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். இந்தக் கண்ணைத்தான் அமெரிக்கா கடன் வாங்கியது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றுபோனபின், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக வந்த பரம்பரை அது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவது அந்தச் சங்கம். எங்கள் வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவர்களுக்கு அதே படிப்பு இருக்கிறது. அறுவடைக்கு மறுவாரம் தவிர யாரும் கூப்பிடுவதில்லை.

இவ்வளவும் கற்ற பிறகு எனக்குப் பிடிபட்ட சங்கதி கிட்டியைப் பற்றியதல்ல. தடங்களைக் குறித்துக்கொண்டே போனால் பாதிக்கு மேல் எங்கள் வரப்பில் முடிவதில்லை. கிழக்கே வேலியில்லாத மனைப்பிரிவுக்குள் போகின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தபிறகு இந்தப் பக்கமெல்லாம் வயலில் கல் நட்டுவிட்டார்கள். பூந்தமல்லி, திருமழிசை, பட்டாபிராம் எங்கும் இதே காட்சி. கல் நட்ட எல்லா மனையிலும் வீடு வருவதில்லை. வாங்கியவர் விலை ஏறட்டும் என்று காத்திருப்பார், நிலம் உழவில்லாமல், தண்ணீர் கட்டாமல், புல் மண்டிக் கிடக்கும். எலிக்கு இதைவிட என்ன வேண்டும்? குடியிருக்க மேட்டு நிலம் அங்கே, சாப்பாடு இங்கே. பழைய நாளில் ஒரு ஊர் வயலெல்லாம் ஒரே சமயம் தண்ணீருக்குள் இருக்கும், எலிக்கு வரப்பு மட்டும்தான் கரை. இப்போது ஒரு பர்லாங்குக்குள் வயல், மனை, மறுபடி வயல். நாங்கள் ராத்திரிக்கு எத்தனை பிடித்தாலும் இடம் காலியானது தெரிந்து அங்கிருந்து புதுக்குடி வந்துவிடும்.

கூகை உட்கார மாமா தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைத்திருக்கிறார். சில காலைகளில் அதன் அடியில் எலியின் முடியும் எலும்பும் உருண்டையாகக் கிடக்கும். கூகைக்கு மனை எல்லை கிடையாது. மனுஷனுக்கு உண்டு. மனைப்பிரிவுக்குள் கிட்டி வைக்கலாமா என்று கேட்கப் போனால், காவலுக்கு இருப்பவர் உரிமையாளரைக் கேட்கச் சொல்வார், உரிமையாளர் ஒருவர் திருமுல்லைவாயில், ஒருவர் துபாய்.

ஆகவே மாமா வேறு வழி பார்த்தார். சுற்றியிருக்கும் குத்தகைக்காரர்களைக் கூட்டி, வரும் நவரையில் எல்லோரும் ஒரே வாரத்தில் நடுவது, நட்ட மூன்றாம் வாரம் வருகிற அமாவாசையில் எல்லா வரப்பிலும் ஒரே ராத்திரி கிட்டி வைப்பது, மனைப்பிரிவை ஒட்டிய நீள வரப்பில் மட்டும் இரண்டு மடங்கு வைப்பது என்று பேசினார். கிட்டி கட்டுவது என் பொறுப்பு. ராத்திரி ஷிப்டு இல்லாத வாரங்களில் வீட்டுத் திண்ணையில் பிளாச்சு சீவிக்கொண்டிருக்கிறேன். பிடித்ததை வால் கணக்கில் பகிர்ந்து, கிட்டிச் செலவைக் கழிப்பது என்று முடிவாகியிருக்கிறது. வளை பார்த்துச் சொல்ல அந்த அம்மாவுக்கு நாள் கூலி என்பதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. “கூலி குடு, ஆனா மருந்து வெக்கக் கூடாது, வெச்சா நான் வரமாட்டேன்” என்று அவர் போட்ட நிபந்தனையையும் ஏற்றாயிற்று. மனை ஓரத்து வரப்பில் விழும் எலிகளுக்கு யார் கணக்கில் பணம் என்பதில்தான் இன்னும் பேச்சு ஓடுகிறது. அந்த எலிகள் மனைக்காரருடையவை, அவரிடம் வசூலியுங்கள் என்கிறார் ஒருவர்.