அப்பார்ட்மென்ட்ல சப்வூஃபர் வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

1. அப்பார்ட்மென்ட்ல இருந்துக்கிட்டு கம்மி விலைல ஒரு சப்வூஃபர் வாங்கலாம்னு நினைக்கறவங்களுக்கு இந்த த்ரெட். நான் ஆடியோ நிபுணர் இல்லை, பொது மருத்துவர். ஆனா இதுல ஒரு தப்பு பண்ணேன். அதுக்கு விலை கொடுத்தது நான் இல்லை, என் பேஷண்ட். அவங்க சம்மதத்தோட தான் எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2. சென்னைல மூணாவது மாடி வீடு எங்களது. ரொம்ப நாள் ஆசை, ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சு, 14,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு 12 இன்ச் சப்வூஃபர் வாங்கினேன். "தரையே அதிரும் சார்"னு கடைக்காரர் சொன்னார். சந்தோஷமா தலையாட்டினேன். என் தரை இன்னொருத்தருக்கு சீலிங்னு அப்போ தோணவே இல்லை.

3. வாரம் பூரா க்ளினிக். சனி, ஞாயிறு ராத்திரி தான் படம். பத்து மணிக்கு மேல சத்தத்தைக் குறைச்சிடுவேன். வாசல் கதவுக்கு வெளிய நின்னு போன் ஆப்ல அளந்தும் பார்த்தேன். 42 டெசிபல். நம்ம நாட்டு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 தான் அளவு. சரியா தான் இருக்கோம்னு நிம்மதியா உட்கார்ந்துட்டேன்.

4. ரெண்டு மாசம் கழிச்சு கீழ் வீட்டு அம்மா க்ளினிக்குக்கு வந்தாங்க. அறுபது தாண்டினவங்க. கணவர் தவறின பிறகு தனியா இருக்காங்க. "டாக்டர் தம்பி, ராத்திரி படுத்தா நெஞ்சு திடும் திடும்னு அடிக்குதுப்பா." பிபி நார்மல், நாடி நார்மல், ஈசிஜியும் நார்மல். இருந்தாலும் வயசு, லேசா சர்க்கரை வேற. தைராய்டு, ஹீமோகுளோபின், எக்கோ, 24 மணி நேர ஹோல்டர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

5. எல்லாமே நார்மல். ஹோல்டர் மாட்டினது ஒரு செவ்வாய்க்கிழமை. அதை அப்போ நான் கவனிக்கல. பதற்றமா இருக்கலாம்னு ஒரு பீட்டா பிளாக்கர் சின்ன டோஸ்ல ஆரம்பிச்சேன். டெஸ்டுக்கு மட்டும் அவங்களுக்கு 8,000 ரூபாய்க்கு மேல ஆயிருக்கும்.

6. மூணாவது தடவை வந்தப்போ தான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "எப்பப்போம்மா வருது?" "சனி, ஞாயிறு தான்ப்பா. பத்தரைக்கு மேல. எழுந்து நடந்தா இல்லை. போன வாரம் பையன் வீட்ல இருந்தேன், வரவே இல்லை." அப்புறம் தயங்கித் தயங்கி ஒண்ணு சொன்னாங்க. "இப்பல்லாம் கதவைத் தாழ்ப்பா போடாம தான் படுக்கறேன். ஏதாவது ஆயிட்டா உடைக்க வேண்டாம் பாரு."

7. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அன்னிக்கு சாயந்திரமே கீழே போனேன். அவங்க படுக்கற திவான், ஹால்ல, சரியா எங்க டிவிக்குக் கீழே. மனைவிக்கு போன் பண்ணி, போன வாரம் பார்த்த படத்தை அதே வால்யூம்ல போடச் சொன்னேன். வசனம் ஒரு வார்த்தை கூட கேட்கல. ஆனா திவான்ல படுத்தா முதுகுல திடும், திடும். ஓரத்துல இருந்த பீரோ கதவு லேசா கடகடன்னு ஆடுச்சு. அவங்க இதயத்துல ஒண்ணும் இல்லை. அவங்க உடம்புல உணர்ந்தது என் 14,000 ரூபாய்.

8. ஏன் இப்படி? பேச்சு மாதிரி சத்தத்தை கான்கிரீட் தளம் நல்லாவே தடுக்கும். ஆனா அதிர்வெண் பாதியாகக் குறையக் குறைய, அந்தத் தடுப்பும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறையும். 40 ஹெர்ட்ஸ் ஒலியோட ஒரு அலை நீளமே 28 அடி. சுவத்துல ஒட்டற முட்டைத் தட்டு ஃபோம் எல்லாம் அதை ஒண்ணும் பண்ணாது. பெட்டி நேரா தரைல உட்கார்ந்திருந்தா அதிர்வு தளத்துக்குள்ளயும் இறங்கும்.

9. அப்போ ஆப் ஏன் 42 காட்டுச்சு? பெரும்பாலான ஆப்கள் 'ஏ' அளவுகோல்ல அளக்கும். நம்ம காதுக்கு தாழ்ந்த ஒலி கம்மியா கேட்கும்ங்கறதால, 50 ஹெர்ட்ஸ்ல சுமார் 30 டெசிபலைக் கழிச்சுட்டு தான் காட்டும். அதாவது நிஜத்துல 75 இருந்தாலும் 45னு தான் சொல்லும். சட்டத்துல இருக்கற அளவும் இதே அளவுகோல் தான். ஆப்ல பாஸ் ஆயிட்டோம்னா கீழ் வீட்ல தொந்தரவு இல்லைன்னு அர்த்தம் இல்லை.

10. இதைவிடக் கேவலம் அடுத்தது. என் ஹால் 14 அடி நீளம். அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு நிலை அலை உருவாகும். சுவர் ஓரத்துல சத்தம் அதிகம், நட்ட நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. என் சோஃபா எங்கே இருந்துச்சு? நட்ட நடுவுல. "பேஸ் பத்தலையே"ன்னு நான் ஏத்தி ஏத்தி வச்சிருக்கேன். நோயைக் கண்டுபிடிக்காம டோஸை மட்டும் ஏத்தற டாக்டர் மாதிரி. மருந்து முழுக்க கீழ் வீட்டுக்குப் போயிருக்கு.

11. சரி, எதை வாங்கலாம்? 12 இன்ச்சை வித்துட்டு 8 இன்ச் சீல்டு பெட்டிக்கு மாறினேன், அதுவும் செகண்ட் ஹேண்ட், 9,500 ரூபாய். பேஸ் கிட்டாரோட தடிமனான கம்பியே 41 ஹெர்ட்ஸ் தான். இளையராஜா பாட்டுல அந்த பேஸ் கிட்டார் தெளிவா கேட்க 40 வரைக்கும் இறங்கினா போதும். அதுக்குக் கீழே பெரும்பாலும் குண்டு வெடிப்பும் கட்டடம் இடியறதும் தான். அது எனக்கு வேண்டாம், கீழே இருக்கறவங்களுக்கு சுத்தமா வேண்டாம்.

12. சீல்டு ஏன்? ஓட்டை வச்ச போர்ட்டட் பெட்டி, அந்த ஓட்டைக்குன்னு ட்யூன் பண்ண இடத்துல அதிக சத்தம் கொடுக்கும். நம்ம பிரச்சினையே அந்த இடம் தான். சீல்டு பெட்டி கீழே போகப் போக மெதுவா அடங்கும். ஏற்கெனவே போர்ட்டட் வச்சிருந்தா விக்க வேண்டாம், ஓட்டைல நெருக்கமா ஃபோம் அடைச்சுப் பாருங்க, நல்ல வித்தியாசம் தெரியும். அட்டைப்பெட்டில 5,000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு போட்டிருந்தா கண்டுக்காதீங்க. ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. நம்ம ஹாலுக்கு 60, 80 வாட்ஸ் தாராளம்.

13. பெட்டியை விட இடம் முக்கியம். சப்வூஃபரை நீங்க உட்கார்ற இடத்துல வச்சு ஒரு பாட்டு போடுங்க. அப்புறம் ஹால் ஓரமா தவழ்ந்து போங்க (குழந்தைங்க சிரிக்கும், பரவாயில்லை). எங்கே பேஸ் சீரா கேட்குதோ அங்கே பெட்டியை வைங்க. ரெண்டு சுவர் சேர்ற மூலையைத் தவிருங்க. நான் சோஃபாவை மூணடி பின்னாடி தள்ளினேன், வால்யூமைப் பாதியாக்க முடிஞ்சுது. அடியில கெட்டியான ஃபோம் பேட் போட்டா தளத்துக்குள்ள இறங்கற அதிர்வு குறையும். காத்து வழியா போறதை அது தடுக்காது. ஆம்ப்ளிஃபயர்ல 'நைட் மோடு' இருந்தா பத்து மணிக்கு மேல போட்டுடுங்க.

14. ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு யாரும் நெஞ்சு படபடப்பை மாடி வீட்டு மேல போட்டுட்டு சும்மா இருக்காதீங்க. படபடப்போட மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இருந்தா உடனே ஆஸ்பத்திரி. அந்த அம்மாவுக்கு ஈசிஜி எடுத்தது தப்பே இல்லை. "எப்போ வருது?"ன்னு கேட்காம விட்டது தான் தப்பு.

15. விஷயத்தை அவங்ககிட்ட சொன்னப்போ திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையாப்பா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் அழுதாங்க. மாத்திரையை மெதுவா நிறுத்தினேன். டெஸ்ட் பணத்தைக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க. இப்போ தாழ்ப்பா போட்டுட்டுத் தான் தூங்கறாங்களாம்.

16. ரெண்டு மாசமா அவங்க ஏன் மேலே வந்து சத்தம் போடலன்னு யோசிச்சேன். சத்தமா கேட்டிருந்தா வந்திருப்பாங்க. அது சத்தமா கேட்கவே இல்லை, வியாதியா தான் தெரிஞ்சுது. அதனால யாரும் வந்து சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க. சப்வூஃபர் வாங்கின முதல் நாளே பாட்டைப் போட்டுட்டு கீழே போய் கதவைத் தட்டி, அஞ்சு நிமிஷம் அவங்க ஹால்ல உட்கார்ந்து பாருங்க. செலவே இல்லாத டெஸ்ட்.