வயல் போனது, கீரை மாடியேறியது: காத்மாண்டு வீடுகளின் கடுகுக்கீரை

காத்மாண்டு என்றதும் பசுபதிநாதர் கோயில், பௌத்த நாத் ஸ்தூபி, தூரத்தில் தெரியும் பனிமலை எல்லாம் நினைவுக்கு வரும். குளிர்காலத்தில் அங்கே போகிறவர்களுக்கு இன்னொரு காட்சியும் இலவசம். தங்கும் விடுதியின் மொட்டை மாடிக்கு ஏறிச் சுற்றிலும் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் துணிகள், அவற்றுக்கு நடுவே அரிசிச் சாக்கிலும் பெயின்ட் வாளியிலும் தெர்மாகோல் பெட்டியிலும் விசிறிபோல் விரிந்த பச்சை இலைகள். அத்தனையும் கடுகுக்கீரை!

நாம் தாளிப்பதற்கு மட்டும் தேடும் கடுகை, நேபாளத்தில் இலையாகவே சாப்பிடுகிறார்கள். 'ராயோ சாக்' என்பது அங்கே அதன் பெயர். சோறு, பருப்பு, காய் என்ற தினசரித் தட்டில் ஓரமாக ஒரு பிடி கீரை இருந்தால்தான் சாப்பாடு முழுமை. நமக்கு முருங்கைக்கீரை எப்படியோ, அவர்களுக்கு ராயோ அப்படி.

கறுப்பு மண் ஊர்

காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்தது. மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் வாளால் மலையைப் பிளந்து தண்ணீரை வெளியேற்றினார் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கதை. புவியியல் ஆய்வாளர்களும் அது பழைய ஏரிப் படுகை என்றே சொல்கிறார்கள். ஏரி விட்டுச்சென்ற வண்டல் என்பதால் மண் அத்தனை செழிப்பு. நகரின் பெரிய மொத்தக் காய்கறிச் சந்தையின் பெயரே 'காலிமாட்டி'. காலி என்றால் கறுப்பு, மாட்டி என்றால் மண்.

இந்த மண்ணில் தலைமுறைகளாகப் பயிர் செய்தவர்கள் 'ஜ்யாபு' எனப்படும் நேவார் விவசாயிகள். மழைக்காலத்தில் நெல், குளிர்காலத்தில் கோதுமை அல்லது காய்கறி. பறித்த கீரையைக் காவடிபோல் தோளில் தொங்கும் இரண்டு கூடைகளில் வைத்து, விடிவதற்குள் ஊருக்குள் கொண்டுவருவார்கள். அந்தக் கூடைக் காவடிக்கு 'கர்பன்' என்று பெயர்.

இன்று அந்த வயல்களில் பெரும்பகுதி வீட்டு மனைகளாகிவிட்டது. காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர் மாவட்டங்களில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 30 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பக்தபூர் அருகே திமி போன்ற இடங்களில் இன்னும் காய்கறி விளைகிறது. ஆனால், அது நகரத்தின் பசிக்குப் போதாது. மீதி மலைப்பாதையில் லாரியில் வர வேண்டும்.

அந்தப் பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2015 செப்டம்பரில் தொடங்கி சில மாதங்கள் இந்திய எல்லையில் சரக்கு நின்றுபோனபோது, சமையல் எரிவாயுவுக்கே வரிசையில் நின்றார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் கொட்டிய மழையில் நெடுஞ்சாலைகளில் மண் சரிந்து, தலைநகருக்கு வரும் வழிகள் அடைபட்டன. சந்தைக் காய்கறியில் பூச்சிமருந்து எவ்வளவு இருக்குமோ என்ற பயம் தனி. காலிமாட்டி சந்தையில் இதைச் சோதிக்க 2014-ல் ஆய்வகமே திறக்க வேண்டி வந்தது.

இதனால்தான் கீரை மாடியேறியது. 'கௌசி கேத்தி', அதாவது மாடி விவசாயம், இப்போது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல். காத்மாண்டு மாநகராட்சியே இதற்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. பழைய நேவார் வீடுகளில் சமையலறை எப்போதும் மேல்தளத்தில்தான் இருக்கும். அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் கீரையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

எப்படி வளர்க்கிறார்கள்?

மழை ஓயத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபர்தான் விதைக்கும் காலம். 'சௌடா பாத்' என்றால் அகன்ற இலை. லலித்பூரின் குமல்தார் வேளாண் ஆராய்ச்சி மையத்தின் பெயரைத் தாங்கிய 'குமல் சௌடா பாத்', ஆப்பிளுக்குப் பெயர்போன மார்ஃபா கிராமத்தின் பெயரில் 'மார்ஃபா சௌடா பாத்' ஆகியவை அங்கே பிரபலமான ரகங்கள்.

சின்னத் தட்டில் விதையைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். மூன்று, நான்கு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி, 20 லிட்டர் வாளி அல்லது சாக்குக்கு ஒரு செடி என்று நடுகிறார்கள். பாதி மண், பாதி மக்கிய தொழுவுரம் அல்லது சமையலறைக் கழிவு உரம் போதும். அடியில் துளை அவசியம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

நட்ட ஐந்தாறு வாரத்தில் அறுவடை. செடியைப் பிடுங்கக் கூடாது. வெளிப்புற இலைகளை மட்டும் ஒடித்து, நடுக்குருத்தையும் அதைச் சுற்றிய நான்கைந்து இலைகளையும் விட்டுவிட வேண்டும். பத்து நாளில் அடுத்த அறுவடை தயார். பள்ளத்தாக்கு 1,300 மீட்டருக்கு மேல் இருப்பதால், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். அந்தக் குளிரில் இலையின் காரம் அடங்கி, லேசான இனிப்பு ஏறும்.

முக்கிய எதிரி அசுவினி. இலையின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவது, சோப்புத் தண்ணீர் தெளிப்பது, அடுப்புச் சாம்பல் தூவுவது ஆகியவை வீட்டு வைத்தியங்கள். ஒரே மண்ணில் வருடாவருடம் கடுகு, முட்டைகோஸ் குடும்பச் செடிகளையே வைத்தால் வேரில் முடிச்சு நோய் வரலாம். அதனால் அடுத்த முறை அந்த வாளிக்கு வெந்தயமோ பட்டாணியோ மாறுவது நல்லது.

மிஞ்சினால் குந்த்ருக்

சமையல் ரொம்ப எளிது. கடுகெண்ணெயைப் புகையவிட்டு, காய்ந்த மிளகாயும் ஓமமோ வெந்தயமோ தாளித்து, கையால் கிழித்த கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் வதக்கினால் முடிந்தது. தேங்காய் கிடையாது.

ஒரே நேரத்தில் நிறைய விளைந்தால் 'குந்த்ருக்' போடுகிறார்கள். இலையை ஓரிரு நாள் வாடவிட்டு, கசக்கி, காற்றுப் புகாமல் ஜாடியில் அழுத்தி அடைத்து, ஒரு வாரம் வைத்தால் புளித்துவிடும். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வகைதான் இதற்கும் காரணம். பிறகு வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சோயா பீன்ஸும் தக்காளியும் சேர்த்து ரசம் மாதிரிக் கொதிக்கவைத்து, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். சாலை அடைபட்டாலும் அன்றைக்கு ஒரு குழம்பு உண்டு.

மாடி யாருக்கு?

எல்லாம் பசுமையாகத் தோன்றினாலும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். மேலம்ச்சி ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே 2021 மார்ச்சில் நகரத்துக்கு வந்தது. அதே ஜூனில் வெள்ளம் தலைப்பகுதியைச் சிதைத்தது. இப்போதும் எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. டேங்கர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும்தான் கீரைக்குப் போகும்.

இரண்டாவது, மாடி யாருடையது என்ற கேள்வி. வேலைக்காகக் கிராமத்து வயலை விட்டு வந்து, ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் இங்கே ஏராளம். கீரை வளர்க்க நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மாடியில் வாளி வைக்க வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். கிடைக்காதவர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒரு டப்பாவோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஒரு மாடித் தோட்டம் ஒரு வயலுக்கு ஈடாகாது. இருபது வாளிக் கீரை ஒரு குடும்பத்துக்கு வரும், ஊருக்கு வராது. மிச்சமிருக்கும் வயல்களைக் காப்பாற்ற வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கிறது.

நம் வீட்டில் வருமா?

நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பழுப்புக் கடுகும் இதே இனம்தான். ஒரு ஸ்பூன் எடுத்துத் தொட்டியில் தூவினால் 25, 30 நாளில் இளங்கீரை பறிக்கலாம். அகன்ற இலை வேண்டுமென்றால் கீரைக்கான விதையைத் தனியாக வாங்க வேண்டும். சமவெளியில் மழை ஓய்ந்த கார்த்திகை முதல் தை வரைதான் இதற்கு ஏற்ற பருவம். வெயில் ஏறினால் செடி அவசரமாகப் பூத்து, இலை கசந்துவிடும்.

காத்மாண்டுவிலும் மார்ச் நெருங்கும்போது செடிகள் மஞ்சளாகப் பூக்கும். அப்போது நல்ல செடி ஒன்றை மட்டும் பறிக்காமல் விட்டால் போதும். கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும். அந்த ஒரு செடியின் விதை, அடுத்த செப்டம்பருக்குத் தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தாராளமாகக் காணும்.