கையெழுத்துக்கு முன்னால்

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்தால், தோல் காலணிக்கு அங்கே 16 சதவீதம் வரை போடும் வரி இல்லாமல் போகும் என்று செய்தி வந்தது. தோல் தொழில் ஊர்களான ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் அது நல்ல செய்தி. ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வரிச்சலுகை எந்தப் பெட்டியையும் தானாகத் தேடி வராது. சரக்கு அதற்குத் தகுதியானது என்று நிரூபித்துக் கேட்டு வாங்க வேண்டும். அந்த நிரூபணத்தைத் தாளில் எழுதுவதுதான் எங்கள் வேலை.

அலுவலகம் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில், நாவலூரில். சுற்றிலும் மென்பொருள் நிறுவனங்கள். கொஞ்சம் தெற்கே போனால் சிறுசேரி சிப்காட். அவர்களுடைய ஏற்றுமதி கேபிள் வழியாகப் போய்விடுகிறது. என் பார்ட்டிகளோ பெரும்பாலும் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக்காரர்கள். 1984-ல் தாம்பரத்தில் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் சிலர், தோல் பொருள் செய்கிறவர்கள் சிலர். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளம் வந்த பிறகு ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிவிப்பை இங்கிருந்தே தாக்கல் செய்துவிடுகிறோம். 2023 அக்டோபரில் எங்கள் ஊர்ச் சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பதை நிறுத்தினார்கள். தடையற்ற வணிகமும் அந்தச் சாலையைப் போலத்தான். கட்டணம் போய்விட்டது, வண்டியை ஒழுங்காக ஓட்ட வேண்டிய பொறுப்பு போகவில்லை.

கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதுதான் பி.எல். அதன் டிராஃப்ட் வந்ததும் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவோம். ஒருவர் கையில் பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி., இன்னொருவர் கையில் டிராஃப்ட். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் பென்சிலால் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட்டுக்கொண்டே வருவார். பையர் பெயர், துறைமுகம், சரக்கின் விவரம், பெட்டிக் கணக்கு, எடை. அடுத்து கன்டெய்னர் எண்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அந்த ஏழாவது இலக்கம் முந்தைய பத்துக்கும் காவல். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. எழுத்தின் மதிப்பையும் எண்ணையும் முறையே 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். இதை மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். இருந்தாலும் புதிதாகச் சேரும் பிள்ளைகளைக் கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஓர் எண் ஏன் சரி, ஏன் தப்பு என்று ஒருமுறை விளங்கிக்கொண்டவர் பிறகு எதையும் மேலோட்டமாகப் பார்க்க மாட்டார்.

இவ்வளவு கவனம் ஏன் என்று அவர்கள் கேட்பதுண்டு. எல்.சி.க்கு உலகமெங்கும் பின்பற்றப்படும் யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்தவை. வங்கி பார்ப்பது ஆவணத்தை, சரக்கை அல்ல என்பது அதன் அடிப்படை. ஆவணம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி நாட்களுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று வங்கி சொல்லியாக வேண்டும். தொலைதூர ஊரில் நம் முகம் தெரியாத ஒருவர், நம் தோலைத் தொட்டுப் பார்க்காமல், நாம் எழுதியதை மட்டும் நம்பிப் பணம் விடுகிறார். உலகச் சந்தை என்று பெரிய பேச்சாகப் பேசுவது கடைசியில் இந்த நம்பிக்கைதான். அதனால் பிழையில்லாமல் எழுதுவதை நான் வெறும் திறமையாக எண்ணுவதில்லை. பார்த்திராத மனிதருக்கு நாம் காட்டும் மரியாதை அது.

சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜினுக்கு இன்னொரு குணம் வேண்டும்: நேர்மை. ஷூவின் மேல்பாகம் எங்கே தைத்தது, அடிப்பாகம் எங்கே வார்த்தது, லைனிங் எந்த நாட்டுச் சரக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பில்லோடு ஒத்துப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகை விதியில், உள்ளடியோடு பொருத்திய மேல்பாகத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கி, இங்கே மிச்ச வேலையை மட்டும் முடித்தால் அந்த ஷூ இந்தியச் சரக்காகாது. “சார், எல்லாரும் போடுறாங்க, நீங்களும் போட்டுடுங்க” என்று ஒரு பார்ட்டி கேட்டார். “போட முடியாதுங்க. முழு வரி கட்டுற மாதிரி விலை பேசுங்க” என்றேன். அவர் வேறிடம் போய்விட்டார். போகட்டும். ஒருவர் எழுதும் பொய், விசாரணை வரும் நாளில் இந்த ஊர்ச் சரக்கு அத்தனையையும் சந்தேகத்தில் நிறுத்திவிடும்.

கற்றுக்கொள்ளும் மனமும் வேண்டும். 1989-ல் ஜெர்மனி, தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட பி.சி.பி. என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே போகாது. தமிழ்நாட்டுத் தோல் தொழிலுக்கு அது பேரிடி. கோபப்பட நியாயம் இருந்தது. ஆனால் பதனிடும் முறையை மாற்றிக்கொண்டவர்கள்தான் நிலைத்தார்கள். 1948 முதல் அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று ரசாயனத்துக்கும் சோதனைக்கும் துணை நின்றது. சில ஆண்டுகளில் அசோ சாயங்களுக்குத் தடை வந்தபோது, சோதனைக்கூடத்துக்குப் போகும் வழி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சந்தை திறப்பது போலவே மூடவும் செய்யும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி விதித்தது. தோலும் திருப்பூர்ப் பின்னலாடையும் அதில் அடங்கும். அந்தச் சமயத்தில் உதவும் குணம் ஒன்று உண்டு: கெட்ட செய்தியை உடனே சொல்லிவிடுவது. கப்பல் தள்ளிப்போனாலும் சரி, விலை கட்டாவிட்டாலும் சரி, பையர் கேட்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். மறைத்து வைத்துத் தவணை சொல்கிறவரிடம் அடுத்த ஆர்டர் வராது. உள்ளதைச் சொன்னவரிடம், வரி தாங்காத காலத்தில்கூட வேறு சந்தைக்கு ஒரு சாம்பிளாவது கேட்பார்கள்.

ஓ.எம்.ஆரில் வேலை தேடி வரும் இளைஞர்கள் உலகப் பொருளாதாரத்துக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மொழியும் கணினியும் படியுங்கள், கட்டாயம் வேண்டும். அவற்றோடு, சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத பழக்கத்தையும், தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாத குணத்தையும், வசதிக்காக ஒரு சொல்லையும் மாற்றி எழுதாத உறுதியையும் வளர்த்துக்கொள்ளுங்கள். வரியை ஏற்றுவதும் இறக்குவதும் அரசாங்கங்களின் கையில். நம் பெயரைப் பார்த்ததும் அந்தத் தாளை நம்பலாமா என்பது நம் கையில் இருக்கிறது.