உப்பு வழி

சிறுபாணாற்றுப்படையின் பாணர்கள் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கி நடக்கிறார்கள். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. 2023 மாசியில் நானும் நண்பர் ஒருவரும் அதே நிலத்தை எதிர்த்திசையில் காரில் கடந்தோம். விழுப்புரத்தில் விடியுமுன் கிளம்பி, திண்டிவனத்தில் கிழக்கே திரும்பினோம். பாணர்களிடம் யாழும் பசியும் இருந்தன. எங்கள் பின்னிருக்கையில் கார்பன் தூண்டில் கழிகளும், மீனைப் போலவே வண்ணம் தீட்டிய பொய்யிரைகளும் கிடந்தன. பிடித்த மீனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுவது நண்பரின் விரதம். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருப்பார், மீன் வாய் கிழியக்கூடாதென்று.

முன்னூர் தாண்டிச் சிறிது நேரத்தில் மரங்கள் குறைந்து வானம் தாழ்ந்துவிடுகிறது. பிறகு உப்பளங்கள். நம் மாவட்டத்தில் பாலைவனம் உண்டா என்று கேட்பவரை மாசி, பங்குனியில் இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். கண்ணுக்கெட்டும் வரை பாத்திகள், அவற்றின் மீது கூசும் வெளிச்சம், தலையில் துணி சுற்றி உப்பு வாரும் பெண்கள். ஒதுங்க நிழல் கிடையாது. அந்தப் பழம்பாட்டில் வறுமையைச் சொல்லும் இடம் நினைவுக்கு வந்தது. பாணன் மனைவி குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு வாங்க வழியில்லாத அந்த வீட்டைப் பாடியவர் இந்த வெண்மையைப் பார்த்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நண்பர் கடலின் ஏற்றவற்றக் கணக்கைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பளங்களுக்குத் தெற்கே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு என்பார்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் போய்வந்த பிறகு, 2024இல், ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது. எனவே அதன் எல்லைக்கு வெளியே, முகத்துவாரத்தின் கடற்பக்கமாகப் படகு பேசியிருந்தோம். படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வடக்கே கை நீட்டி, ஆலம்பரைக் கோட்டை அந்தப் பக்கம் என்றார். 1750இல் துய்ப்ளேக்ஸின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை. இடிபாடுகளைப் பார்க்கும் ஆசை எனக்கிருந்தது. நண்பருக்கு மீன் மட்டும்தான்.

நீர் வற்றும்போது கழியிலிருந்து சிறு மீன்களும் இறால்களும் வாய்க்கு இழுபட்டு வரும். அந்த இழுப்பின் ஓரத்தில் கொடுவா காத்திருக்கும். நண்பர் எறிந்த ஏழாவதோ எட்டாவதோ வீச்சில் அது கடித்தது. நீருக்கு மேலே முழு உடம்பாய் எழுந்து தலையை உதறியது. கால் மணி நேரம் போராட்டம். நண்பர் கையை நனைத்துக்கொண்டு, நீரோட்டத்தை விட்டு வெளியே எடுக்காமலேயே கொக்கியைக் கழற்றினார்.

"நாலு கிலோவுக்கு மேல வரும் சார். உடறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றார் படகுக்காரர். அந்த மீனின் விலை, அன்றைய காலைக்கு நாங்கள் அவரிடம் பேசிய கூலியைவிட அதிகம்.

நண்பர் பொறுமையாக விளக்கினார். கொடுவா ஆணாகவே வாழத் தொடங்கிச் சில ஆண்டுகளில் பெண்ணாக மாறும் மீன். "இன்னும் ரெண்டு வருஷம் விட்டா லட்சக்கணக்குல முட்ட போடும்ணே."

"அதுக்குள்ள எவன் வலையிலயும் மாட்டாம இருக்கணுமே" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை.

மீன் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு கலங்கலில் மறைந்தது. நண்பர் முகத்தில் கோயிலை விட்டு வெளியே வருபவரின் நிறைவு. அது போலியல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும் என்னால் அதில் பங்குகொள்ள முடியவில்லை. என் ஆயா மரக்காணத்தில் கருவாடு வாங்கிக் கூடையோடு பேருந்தில் ஏறி, திண்டிவனம் சந்தையில் விற்றவள். வாடைக்குப் பயந்து நடத்துநர்கள் அவளை ஏற்றாமல் போன நாட்கள் உண்டு. அந்தக் கூடைதான் என் அப்பாவைப் படிக்கவைத்தது. எயிற்பட்டினத்தில் பாணருக்கு முதலில் கிடைக்கும் விருந்தும் கள்ளோடு சுட்ட உலர்மீன்தான். பசித்து வந்தவனுக்கு மீனைக் கொடுத்த கரை இது.

படகுக்காரர் என் ஊரைக் கேட்டார். ஆயாவைப் பற்றிச் சொன்னேன். "கூடக்காரங்க நெறைய பேர் வருவாங்க அப்பல்லாம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அரை மணி கழித்து என் தூண்டிலில் ஒன்று சிக்கியது. ஒன்றரைக் கிலோ இருக்கும். நண்பர் கையை நனைத்துக்கொண்டு தயாராக இருந்தார். நான் மீனைத் தூக்கிப் படகுக்காரரிடம் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்காமல் பலகைக்கடியில் போட்டு ஈரச்சாக்கால் மூடினார். சாக்கு கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. நண்பர் கழியைப் பிரித்து உறையில் வைக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் அவர் பேசவேயில்லை. முன்னூரில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் கேட்டார்.

"உங்க ஆயா கொடுவாக் கருவாடு வித்திருக்காங்களா?"

"கொடுவாவ யாருங்க காயப்போடுவாங்க? பச்சையாவே வெல போயிடும். அவங்க வித்தது நெத்திலி, காரப்பொடி. வாளை கெடைச்சா வாளை."

தலையசைத்துவிட்டு இன்னொரு தேநீர் சொன்னார்.